இருபத்திரண்டாம் தலைமுறைச் சிவப்பு

எங்க தெரு சிவந்த கதையைக் கேட்டா, கொளத்தூர்ல கலர் மீன் விக்கிற கடைக்காரங்க ஆளுக்கு ஒண்ணா அளந்து விடுவாங்க, அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க. அந்தத் தெருவுல பதினேழு வருஷமா பிளவுஸ் தைக்கிறவ நான், அங்க இருக்கிற அத்தனை பொம்பளைங்களோட கையளவும் கழுத்தளவும் என் நோட்டுல இருக்கு, நானும் சிவந்தவதான், அதனால நான் சொல்றதுதான் சரி.

என் தையல் மிஷினுக்கு நேர் எதிர் வீடு அம்சவேணியோடது. மத்தவங்க ஹால்ல சோபா போடுற இடத்துல அவ பதினோரு கண்ணாடித் தொட்டி வெச்சு இறால் வளர்த்தா. திங்கிற இறால் இல்லைங்க, பாக்குற இறால். விரல்கணு நீளம்கூட இருக்காது, நல்ல தண்ணியில வாழுறது, சிவப்பா பாசியை மேஞ்சுக்கிட்டு அது பாட்டுக்கு இருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தலைமுறை. குஞ்சுங்க பெருசானதும் அம்சா ஒரு வெள்ளைக் கிண்ணத்துல ஒவ்வொண்ணா வலையால அள்ளிப் போட்டுப் பாப்பா. நல்ல சிவப்பா இருந்தா திரும்பத் தொட்டிக்குப் போகும், முதுகுல வெளுப்பு தூக்கலா தெரிஞ்சா "கழிசல்"னு ஒரே வார்த்தை, பக்கத்து டப்பாவுக்குப் போகும். அவளுக்கு உடம்பு சிவந்தா போதாது, கால் சிவக்கணும், காலோட நுனி சிவக்கணும், மீசை முளைக்கிற இடம்கூட சிவக்கணும். இந்த ஒரு ஆசைக்காக ஆறு வருஷம் சினிமாவுக்குப் போகல, சொந்தத் தங்கச்சி வளைகாப்புக்கே கை ஈரத்தோடதான் வந்து நின்னா.

கழிசலை எல்லாம் பின்பக்கத் தொட்டியில இருக்கிற ஆஸ்கர்ங்கிற பெரிய மீனுக்குத் தீனியா போட்டுடுன்னு புருஷன் டில்லிபாபு கையில குடுப்பா. டில்லி ஏ.சி. மெக்கானிக், ஊரான் வீட்டையெல்லாம் குளுகுளுன்னு ஆக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வர்ற மனுஷன். "சரி அம்சா"ம்பாரு, பின்பக்கம் போவாரு, ஆஸ்கருக்கு அதோட வழக்கமான தீனியைப் போட்டுட்டு, கழிசலைக் கொண்டுபோய் ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில விட்டு, வேகவெச்ச கீரையைக் கிள்ளிப் போட்டு, அதுங்ககிட்ட அரை மணி நேரம் பேசிட்டு வருவாரு. அம்சா பின்பக்கம் போறதே கிடையாது, அவளுக்கு உலகமே ஹாலோட முடிஞ்சிடும்.

இருபத்தியோரு தலைமுறை வரைக்கும், கொஞ்சம் வெளுத்ததையும் போனா போகுதுன்னு விட்டு வெச்சவ, இருபத்திரண்டாவதுல கடுகளவு வெளுப்பும் ஆகாதுன்னு வெறி புடிச்ச மாதிரி ஆயிட்டா. நாலு நாள் சோறு தண்ணி இல்லாம கிண்ணமும் வலையுமா உக்காந்து, பழைய தலைமுறையை முழுசா கழிச்சு, புதுசுல பொறுக்கி, கழிச்சு, திரும்பப் பொறுக்கி, திரும்பக் கழிச்சு, கடைசியில அறுபத்தி மூணு இறால் மிஞ்சுச்சு. அடேங்கப்பா! நான் போய்ப் பாத்தேன், குங்குமச் சிமிழைக் கவிழ்த்துவிட்டு அந்தக் குங்குமத்துக்குக் கால் முளைச்ச மாதிரி இருந்துச்சு. "டெய்லரக்கா, கால் நுனியைப் பாருங்கக்கா, கால் நுனியைப் பாருங்க"ன்னு அழுதுக்கிட்டே சிரிச்சா.

அந்தத் தொட்டியில எடுத்த பழைய தண்ணியை, எப்பவும்போல, வாசல்ல நிக்கிற கறிவேப்பிலை மரத்துக்கு டில்லி ஊத்தினாரு. அந்த மரத்துல கொத்து ஒடிக்காத வீடு எங்க தெருவுல கிடையாது. ஊத்தின மூணாம் நாள், ஆடி மாசம் ரெண்டாவது புதன்கிழமை, காலையில எழுந்து பாத்தா நாங்க சிவப்பா இருந்தோம். சிவப்புன்னா பொண்ணு பாக்க வர்றவங்க தேடுற சிவப்பு இல்லைங்க. நிஜச் சிவப்பு, மிளகாய்ப்பழச் சிவப்பு, நகக்கண்ணு வரைக்கும் காது மடல் வரைக்கும் ஒரே சிவப்பு. பால்காரர் வந்தாரு, என்னைப் பாத்தாரு, "தயிர் ஒண்ணா ரெண்டா"ன்னு கேட்டாரு, ரெண்டுன்னேன், குடுத்துட்டுப் போயிட்டாரு.

ஆனா ஆம்பளைங்க அப்படி இல்ல. அவங்க வெளுத்த ரோஸ் கலர்ல, அங்கங்க ரெண்டு சிவப்புத் தீத்தலோட, கண்ணாடி மாதிரி ஆயிட்டாங்க. ஏம்மா இப்படின்னு அம்சாவைக் கேட்டா, "ஆண் இறால் எந்தத் தலைமுறையிலயும் வெளுப்புதான், பொண்ணுதான் நிறம் புடிக்கும்"னு சொல்லிட்டுப் பல்லு தேய்க்கப் போயிட்டா. அந்தக் கண்ணாடி உடம்புல இன்னொரு வசதி என்னன்னா, தின்னது வெளியே தெரியும். எங்க வீட்டுக்காரர் எத்திராஜுக்குச் சர்க்கரை. ஆறு மாசமா கோதுமைக் கஞ்சிதான்னு சத்தியம் பண்ணிட்டு இருந்தவரு, வியாழக்கிழமை சாயந்தரம் பனியனோட வந்து நிக்கிறாரு, வயித்துல மைசூர்பாகு சதுரம் சதுரமா அடுக்கி வெச்ச மாதிரி தெரியுது. "இது இன்னாய்யா"ன்னேன். குனிஞ்சு தன் வயித்தைத் தானே பாத்துட்டு, "அட, ஆமா"ன்னாரு.

தலைகால் புரியலைங்க எங்களுக்கு. நெத்தியில குங்குமம் வெச்சா தெரியாதுன்னு பச்சையில பொட்டு வாங்கினோம், சிவப்பு பிளவுஸ் போட்டா கை எங்க முடியுது துணி எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே புரியலைன்னு எலுமிச்சை மஞ்சள்லயும் மயில் கழுத்துலயுமா தைச்சுத் தள்ளினேன், நாலு பேர் சேர்ந்து மெயின் ரோட்டைக் கடந்தா பஸ்ஸு லாரி ஆட்டோ எல்லாம் தானா நின்னுச்சு, டிராபிக் போலீஸ்காரர் ஒருத்தர் கும்பிட்டு, "அக்கா, காலையில எட்டுல இருந்து பத்து வரைக்கும் மட்டும் கொஞ்சம் வெளிய வராதீங்கக்கா"ன்னு கெஞ்சினாரு. சுகாதாரத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு, நாக்கும் சிவப்பா இருந்துச்சு, அது எல்லாருக்கும் அப்படித்தான்னு எழுதிக்கிட்டுக் கொசு இருக்கான்னு பாத்துட்டுப் போயிட்டாரு. கறிவேப்பிலையைத் தட்டு ஓரத்துல ஒதுக்குற பிகுக்காரிங்க மட்டும் பழைய நிறத்துலயே இருந்தாங்க. ரெண்டு நாள் பாத்தாங்க, பொறாமை தாங்கல, மூணாம் நாள்ல இருந்து அவங்க வீட்டுல தினமும் கறிவேப்பிலைத் துவையல்.

வயசு ஏற ஏற சிவப்பு கூடும், அதுவும் இறால் வழக்கம்தான். அதனால தெருவுலயே ஜோரான சிவப்பு லோகநாயகியம்மாவுக்கு. அறுபத்தி மூணு வயசு, டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, கல்யாணம் பண்ணிக்கல, எங்க தெரு நலச் சங்கத்துக்குத் தலைவி. முன்னெல்லாம் மீட்டிங்ல அவங்க பேசினா பாதிப் பேரு கொட்டாவி விடுவோம். இப்போ அவங்க கதவைத் திறந்தாலே வாசல்ல இருபது பேரு நின்னோம்.

ஆவணி கடைசியில ஒரு பெயிண்ட் கம்பெனியில இருந்து விளம்பரம் எடுக்க வந்தாங்க. "எங்களுக்கு ஒரே சிவப்பு வேணும் மேடம், ஷேடு மாறக்கூடாது"ன்னான் கேமராவுக்குப் பின்னால தொப்பி போட்டுக்கிட்டு நின்ன ஆளு. அதுக்கென்ன, எங்க தெருவுல ஷேடு பாக்குறதுக்குன்னே பொறந்தவ ஒருத்தி இருக்காளேன்னு லோகநாயகியம்மா அம்சாவைக் கறிவேப்பிலை மரத்தடியில ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாங்க. ஒவ்வொருத்தரா கையை நீட்டணும், அவ நகத்தை மட்டும் பாப்பா, "இந்தப் பக்கம்"னா எடுத்தாச்சு. ஆம்பளைங்களும் வரிசையில நின்னாங்க, பாவம், ஆசை யாரை விட்டுச்சு. கழிசல். கழிசல். எங்க வீட்டுக்காரர் கையை நீட்டினாரு, கழிசல். நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன், சிரிச்சிருக்கக் கூடாதுதான், ஆனா சிரிச்சேன்.

கடைசியில டில்லி நின்னாரு. சட்டையை இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வெச்சு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருந்தாரு. கையை நீட்டினாரு. ஆறு வருஷமா அவ தொட்டிக்கெல்லாம் தண்ணி தூக்கின கை அது. அம்சா நிமிர்ந்து மூஞ்சியைப் பாக்கல. நகத்தைப் பாத்தா, "கழிசல், அடுத்தது"ன்னா. அடுத்தது யாரும் இல்ல. டில்லியோட கண்ணாடித் தொண்டையில எச்சில் ஒண்ணு இறங்காம அங்கேயே நின்னதை நாங்க எல்லாரும் பாத்தோம்.

ஷூட்டிங் முடிஞ்சு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுக்கிட்டு தெருவுக்குத் திரும்பினா, ஒரு ஆம்பளை இல்ல. கொஞ்ச நேரத்துல எனக்குப் போன். "யாரு?"ன்னேன். "கழிசல் பேசுறேன்"னாரு எத்திராஜ். டில்லியோட அண்ணனுக்குப் பொன்னேரியில மூடிக்கிடக்கிற அரிசி மில் ஒண்ணு இருக்காம், இருபத்தாறு பேரும் வேன் புடிச்சு அங்க போயிட்டாங்களாம். "டில்லி அவன் இறாலையும் பக்கெட்டுல அள்ளிட்டு வந்துட்டான். இங்க எல்லாம் ஒரே ஜாதி, நிம்மதியா இருக்கோம், போனை வை"ன்னாரு. அம்சா முதல் தடவையா பின்பக்கம் ஓடினா. சிமெண்ட் தொட்டி காலியா இருந்துச்சு, ஓரத்துல கீரைத் தண்டு ரெண்டு காய்ஞ்சு கிடந்துச்சு.

போகட்டும்னு ஒரு வாரம் கொண்டாடினோம். சோறு வடிக்கல, இட்லிக்கு ஊறப்போடல, எல்லாரும் ஒரு வீட்டுல உக்காந்து சீரியல் பாத்தோம். எட்டாம் நாள் எதிர் வீட்டுல இருந்து ஒரு அலறல். ஓடிப்போய்ப் பாத்தா அம்சா பூதக்கண்ணாடியைக் கையில வெச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருக்கா. பொறுக்கி ரெண்டு மாசம் ஆச்சு, அறுபத்தி மூணுல ஒண்ணுகூட சினை பிடிக்கல. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்திருக்கா. அத்தனையும் பொண்ணு. ஆண் வெளுப்பா இருக்கும்னு தெருவுக்கே பாடம் சொன்னவ, வெளுப்பே வேணாம்னு ஒரு ஆண் விடாம கழிச்சிருக்கா.

"கடையில ரெண்டு வாங்கி விடேன்டி"ன்னேன்.

"கடையில எந்த நிறம் எதோட கலந்ததோ யாருக்குக்கா தெரியும்? கலந்துச்சுன்னா பேரன் பேத்தியில சேத்து நிறம் வந்துடும். என் வம்சத்து ஆண் அந்த ஆளோட பக்கெட்டுலதான் இருக்கு." இறாலுக்கு ஆயுசே ஒண்ணேகால் வருஷம்; விட்டா இன்னும் பத்து மாசம், அதோட இருபத்திரண்டு தலைமுறையும் மண்ணு. அதைச் சொல்லும்போதுகூட அவ அழல. அப்புறம்தான் தொட்டியைப் பாத்தபடி மெதுவா சொன்னா: "அது போனாலும் போகட்டும்க்கா. அந்தாளு இல்லாம இந்த ஏர் பம்ப் ஓடுற சத்தமே எனக்குப் புடிக்கல. என் கையாலயே கழிச்சுட்டேனே, மூஞ்சியைக்கூட பாக்கலையேக்கா." அப்பதான் ஓன்னு அழுதா.

செங்குன்றத்துல பஸ் மாறிப் பொன்னேரி போனோம். நான் எதுக்குப் போனேன்னா, அவளுக்குத் துணைக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல. மில்லுல கேரம் போர்டு ஆடிட்டு இருந்தாங்க. எத்திராஜ் எழுந்து நின்னாரு. அவர் வயித்துல பாத்தேன், டீயும் பன்னும், டீயும் பன்னும், எட்டு நாளா வேற ஒண்ணும் இல்ல. மைசூர்பாகு இருந்திருந்தா எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

டில்லி ஒரு தூண்ல சாய்ஞ்சு பக்கெட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. "எதுக்கு வந்த?"ன்னாரு.

"தொட்டியில ஆணே இல்லய்யா. ஒண்ணுகூட விடாம கழிச்சுட்டேன்."

"தெரியும். நீ கழிக்கும்போதே பாத்தேன்."

"அப்போ ஏன்யா சொல்லல?"

"நீ நிமிர்ந்தாதானே அம்சா சொல்றது."

அவர் பக்கெட்டை அவ பக்கம் நகர்த்தினாரு. கிண்ணத்தை முக்கி எடுத்துப் பாத்தா, ரொம்ப நேரம் பாத்தா, திருப்பித் திருப்பிப் பாத்தா. ஆறு வருஷமா யாரையும் ஒரு வார்த்தை யோசனை கேக்காதவ, "எனக்கு ஆணைப் பாத்துப் பழக்கமே இல்லய்யா. இதுல எது நல்லதுன்னு நீயே பொறுக்கிக் குடு"ன்னா.

"பொறுக்கக் கூடாது. ஊத்தினா மொத்தத்தையும் ஊத்தணும்."

"மொத்தமா ஊத்தினா கால் வெளுத்துடும்யா."

"வெளுக்கும்."

அம்சா கண்ணை மூடிக்கிட்டா. கால் நுனிக்காக அவ விட்ட தூக்கமும் சோறும் எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்து, "சரி, ஊத்தலாம். நீ வருவியா?"ன்னு கேட்டா.

"பக்கெட்டு இருபது கிலோ இருக்கு. நீ எப்படித் தூக்குவ?"ன்னு எழுந்தாரு டில்லி. பின்னாலயே இருபத்தஞ்சு பேரும் செருப்பைத் தேடினாங்க.

தெருவுக்குள்ள நுழைஞ்சா அம்சா வீட்டு கேட்டை மறிச்சுக்கிட்டு லோகநாயகியம்மா நிக்கிறாங்க. விஷயம் எங்களுக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருக்கு. அந்தத் தண்ணி வெளுத்தா மரம் வெளுக்கும், மரம் வெளுத்தா நாங்களும் வெளுப்போம், யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவேண்டியதில்ல. "உங்களுக்கெல்லாம் திரும்பி வர ஆள் இருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் போன்ல பேசினேன்டி, என் குரல் தெரியாத ஆள் இந்த ஊர்ல இல்ல, மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியாது. இந்த ரெண்டு மாசம்தான் என்னை நாலு பேரு பாத்தாங்க"ன்னாங்க. அவங்க குரல் உடைஞ்சு நான் அன்னைக்குத்தான் கேட்டேன். டில்லிதான் பக்கெட்டைக் கீழ வெச்சுட்டு, "ஒரு நாள் பொறுக்கலாம்மா. இதுங்க வம்சம் ஆறு வருஷம் பொறுத்துச்சு, ஒரு நாள் பொறுக்காதா?"ன்னாரு.

அந்த ஒரு நாள் இருக்கே! மறுநாள் காலையில ஒரு குட்டி யானை வண்டியைப் பிடிச்சு, பின்பக்கம் திறந்து விட்டு, அதுல மாம்பழக் கலர் பட்டுப் புடவையில லோகநாயகியம்மாவை நிக்க வெச்சு, பின்னால நாங்க நாப்பது பொம்பளைங்க, எங்களுக்குக் குடையும் தண்ணி பாட்டிலும் தூக்கிக்கிட்டுக் கண்ணாடி ஆம்பளைங்க, கொளத்தூர்ல இருந்து பெரம்பூர், பெரம்பூர்ல இருந்து சென்ட்ரல், சென்ட்ரல்ல இருந்து கடற்கரைன்னு போனோம், போற வழியெல்லாம் பஸ்ஸு நின்னுச்சு, கார் நின்னுச்சு, ஒரு ரயில்கூட பாலத்து மேல நின்னுடுச்சு, ஜன்னல் ஜன்னலா தலை நீட்டி ஜனம் பாத்துச்சு, எந்த சிக்னலும் எங்களை நிறுத்தல, நாங்கதான் எல்லா சிக்னலையும் நிறுத்தினோம். லோகநாயகியம்மா யாருக்கும் கை ஆட்டல, சிரிக்கல, சும்மா நிமிர்ந்து நின்னாங்க, பாக்கட்டும்னு. கடற்கரையில இறங்கும்போது, "போதும். இனிமே ஊத்திக்கோங்க"ன்னாங்க. அன்னைக்கு எத்திராஜுக்கு நானே ஒரு மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன், பாதி.

மறுநாள் காலையில டில்லி பக்கெட்டைத் தூக்கிப் பிடிச்சாரு, அம்சா சாய்ச்சா. கலங்கின தண்ணி தெளிஞ்சதும், வெளுத்த பசங்க அத்தனையும் தொட்டியோட இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தலைதெறிக்க ஓடுறதைப் பாக்கணுமே, பஸ் ஸ்டாண்டுல தீபாவளிக் கூட்டம் தோத்துச்சு. பத்தே நாள்ல சினை. ஐப்பசியில குஞ்சு. நாங்களும் அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்தோம், ஒருத்தி ரோஸு, ஒருத்தி செங்கல், ஒருத்தி வெறும் மூக்கு நுனி மட்டும், நான் இதுக்கெல்லாம் மேட்ச் தேடித் தேடிக் கண்ணு போச்சு. லோகநாயகியம்மா வெளுத்தப்புறமும் சாயங்காலமானா வாசல்ல இருபது பேரு நிக்கத்தான் செஞ்சோம், பழகிடுச்சு.

இருபத்தி மூணாம் தலைமுறை பெருசானதும் அம்சா கிண்ணத்தையும் வலையையும் எடுத்துக்கிட்டு உக்காந்தா. தெருவே துக்கம் விசாரிக்கிற மாதிரி ஹால்ல கூடிட்டோம், ஏன்னா வெளியில இருந்து பாக்கும்போதே தெரிஞ்சுச்சு, நானூறு ஐநூறு இருக்கும், கால் நுனி சிவந்தது ஒண்ணுகூட இல்ல. ஒண்ணை அள்ளினா, பாத்தா, திரும்ப விட்டா. இன்னொண்ணை அள்ளினா, பாத்தா, விட்டா. டில்லி பழக்க தோஷத்துல கழிசல் டப்பாவோட பக்கத்துல வந்து நின்னு, "எத்தனை தேறும் அம்சா?"ன்னாரு.

அம்சா கிண்ணத்துல இருந்து தலையைத் தூக்கினா. அவரை நல்லா, நிதானமா, நாங்க அத்தனை பேரும் நிக்கிறோம்கிற கூச்சமே இல்லாம பாத்தா.

"போய்யா, எல்லாத்துக்கும் உன் மூஞ்சிதான் இருக்கு. எதைன்னு கழிக்கிறது?"